ஒரே மாதிரி இரண்டு 1080 போட்டால் ஃபிரேம் இரட்டிப்பாகுமா?

பெரம்பூர்வாசி:

வணக்கம் மக்களே. ரைசன் 5 3600 பிராசஸர், பி450 போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1080 கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ், இதுதான் என் செட்டப். 1080பி மானிட்டர் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. இப்போது அதைவிடப் பிக்சல் அதிகமான 1440பி மானிட்டர் வந்துவிட்டது, சைபர்பங்க் கேமில் மார்க்கெட் பக்கம் போனாலே கார்டு மூச்சு வாங்குகிறது. ரெட் டெட் 2 பரவாயில்லை, செட்டிங்கைக் குறைத்தால் ஓடுகிறது. வேலரன்ட் பற்றிக் கவலையே இல்லை.

விஷயம் என்னவென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மாடிக் கடையில் என்னிடம் இருக்கிற அதே மாடல் 1080 செகண்ட் ஹேண்டில் கிடக்கிறது. புது கார்டு விலையோடு ஒப்பிட்டால் அடிமாட்டு விலை. கடைக்காரர் "ரெண்டாவதா சொருகுங்க தம்பி, நடுவுல ஒரு பிரிட்ஜ் போட்டா பவர் டபுள்" என்கிறார். பிரிட்ஜும் அவரே தருகிறாராம். போர்டில் நீளமான ஸ்லாட் இரண்டு இருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸில் ஒயரும் மிச்சம் இருக்கிறது. டபுள் ஆகாவிட்டாலும் ஒன்றரை மடங்கு வந்தால்கூட எனக்குப் போதும். யாராவது ஓட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? வாங்கலாமா, வேண்டாமா?

கருப்புத்திரை:

ப்ரோ, பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கேபினட்டைத் திறந்து இரண்டாவது நீள ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் ஸ்லாட்டில் தங்க நிறப் பின்கள் கடைசி வரை இருக்கும். இரண்டாவதில் ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் மட்டும் இருக்கும், மிச்சம் வெறும் பிளாஸ்டிக். பி450 போர்டுகள் பெரும்பாலும் இப்படித்தான். நீளம் பதினாறு லேனுக்கு (லேன் என்றால் டேட்டா போகிற பாதை), உள்ளே இருப்பது நாலு லேன். அந்த நாலும் பிராசஸரிலிருந்து நேராக வருவதில்லை, சிப்செட் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது, அதுவும் பிசிஐஇ 2.0 என்ற பழைய தலைமுறை வேகத்தில்.

இரண்டு கார்டைச் சேர்த்து ஓட்டும் என்விடியாவின் எஸ்எல்ஐ முறைக்கு ஒவ்வொரு கார்டுக்கும் குறைந்தது எட்டு லேன் வேண்டும், போர்டு கம்பெனி அதற்குத் தனியாக லைசென்ஸும் வாங்கியிருக்க வேண்டும். பி450 போர்டில் அது கிடையாது. அதனால் இரண்டாவது கார்டைச் சொருகினால் விண்டோஸ் அதைக் கண்டுபிடிக்கும், ஃபேன் சுற்றும், ஆனால் கன்ட்ரோல் பேனலில் எஸ்எல்ஐ ஆன் செய்யும் இடமே வராது. டிரைவரைத் திருத்தி லைசென்ஸ் சோதனையை ஏமாற்றும் வழிகள் இணையத்தில் கிடைக்கும். லைசென்ஸைத் தாண்டலாம், லேனை எப்படித் தாண்டுவீர்கள்?

ஆக இந்தப் போர்டில் இந்த யோசனை அவுட். போர்டையும் மாற்றுவதென்றால் அடிமாட்டு விலை என்ற பேச்சே அடிபட்டுப் போகும்.

நள்ளிரவு_ஃபிரேம்:

மேலே சொன்னது சரி. ஆனால் போர்டு மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்துவிட்டு எஸ்எல்ஐ தாங்குகிற எக்ஸ்470 போர்டு தேடப் போய்விடாதீர்கள் ப்ரோ. நல்ல போர்டு இருந்தாலும் இன்றைய கேமில் இது ஓடாது, காரணம் கேம் எழுதப்படும் விதத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எல்ஐ, ஏஎம்டி பக்கத்தில் அதே வேலையைச் செய்த கிராஸ்ஃபயர் இரண்டும் பெரும்பாலும் வேலை செய்தது ஏஎஃப்ஆர் என்ற முறையில். முதல் ஃபிரேமை முதல் கார்டு வரையும், அடுத்ததை இரண்டாவது கார்டு, அதற்கடுத்தது மறுபடி முதல் கார்டு. ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக நிற்கிற வரை இது அருமையான ஏற்பாடு. எட்டுப் பத்து வருடத்துக்கு முந்தைய நல்ல கேம்களில், 4கே மாதிரி கார்டுக்குத்தான் முழு வேலை என்கிற ரெசல்யூஷனில், இரண்டாவது கார்டால் எண்பது தொண்ணூறு சதவீதம் கூடியது உண்மைதான். அதே காலத்தில் ஒன்றுமே கூடாத கேமும் இருந்தது, இரண்டாவது கார்டை அணைத்தால் வேகம் கூடிய கேமும் இருந்தது.

இப்போது என்ன ஆனது? ஓரங்களின் பிசிறை நீக்கும் டிஏஏ வந்தது, சின்னதாக வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் 2 எல்லாம் வந்தன. இவை எல்லாமே போன ஃபிரேமில் என்ன வரைந்தோம் என்று பார்த்துத்தான் இந்த ஃபிரேமைச் செய்கின்றன. தரையில் தெரியும் பிரதிபலிப்பு, நிழல், வெளிச்சம் என்று பல வேலைகள் போன ஃபிரேமின் மீது சாய்ந்து நிற்கின்றன. ஏஎஃப்ஆரில் அந்தப் போன ஃபிரேம் எங்கே இருக்கிறது? பக்கத்துக் கார்டின் மெமரியில். அதை இங்கே கொண்டு வந்தால்தான் வேலை நகரும்.

உங்கள் மானிட்டருக்கே கணக்குப் போடுவோம். 2560 பெருக்கல் 1440, கிட்டத்தட்ட 37 லட்சம் பிக்சல். ஃபிரேமை வைத்திருக்கும் எச்டிஆர் பஃபரில் பிக்சலுக்கு 8 பைட் என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 29.5 எம்பி. உங்கள் இரண்டாவது ஸ்லாட் பிசிஐஇ 2.0, நாலு லேன், ஏட்டளவில் விநாடிக்கு 2 ஜிபி. அந்த ஒரு பஃபரைக் கடத்தவே 15 மில்லி விநாடி போகும். 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்கு உங்களிடம் இருக்கும் மொத்த நேரமே 16.7 மில்லி விநாடி. கடத்த வேண்டியது ஒரு பஃபரோடு முடிவதும் இல்லை. பிசிஐஇ 3.0 எட்டு லேனில் இதே வேலை 4 மில்லி விநாடிக்குள் முடியும், ஆனாலும் கேம் எழுதியவர் எதை எப்போது கடத்த வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். யாரும் எழுதுவதில்லை. இரண்டு கார்டு வைத்திருக்கும் நாலு பேருக்காக எந்த ஸ்டுடியோவும் மாதக்கணக்கில் ஆள் போடாது.

அப்புறம் எஃப்பிஎஸ் எண் செய்யும் ஏமாற்று வேலை. இரண்டு கார்டும் சேர்ந்து 60 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபிரேம் 6 மில்லி விநாடியில் வருகிறது, அடுத்தது 27 மில்லி விநாடி கழித்து. கூட்டினால் 33-க்கு இரண்டு ஃபிரேம், சராசரி கச்சிதமாக 60. கண்ணுக்கு? 40-ஐ விட மோசமாகத் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் அரை மணி நேரம் ஒன்றும் வராமல் 29சி இரண்டு சேர்ந்தாற்போல் வருமே, சராசரிப்படி கால் மணிக்கு ஒரு பஸ்தான். இதற்குப் பெயர் மைக்ரோ ஸ்டட்டர். 2013 வாக்கில் ஃபிரேம் ஒவ்வொன்றுக்கும் நேரம் அளந்து எழுத ஆரம்பித்த பிறகுதான் இந்தக் குட்டு உடைந்தது, ஏஎம்டி அந்த ஆகஸ்டில் ஃபிரேம் பேசிங் வைத்து டிரைவர் விட்டது.

இன்புட் லேக்கும், அதாவது மவுஸை அசைத்த பிறகு திரையில் தெரிய ஆகும் தாமதமும், குறையாது. ஒரு கார்டு ஒரு ஃபிரேம் வரைய 33 மில்லி விநாடி எடுக்கிறது என்றால், இரண்டு கார்டு போட்டாலும் அந்த ஃபிரேமுக்கு அதே 33 தான். எண்ணிக்கை மட்டும் கூடும், மவுஸ் கனமாகவே இருக்கும்.

பெரம்பூர்வாசி:

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி ப்ரோ. போர்டைத் திறந்து பார்த்தேன், கருப்புத்திரை சொன்ன மாதிரியே இரண்டாவது ஸ்லாட்டில் பாதிக்கு மேல் வெறும் பிளாஸ்டிக். ஆனால் யூடியூபில் இரண்டு 1080 போட்டு 4கே-யில் பிரமாதமாக ஓட்டுகிற வீடியோ நிறைய இருக்கிறதே, அதெல்லாம் பொய்யா? இன்னொன்று, 8 ஜிபி கார்டு இரண்டு போட்டால் மெமரி 16 ஜிபி ஆகும் என்றும் கடைக்காரர் சொன்னார்.

நள்ளிரவு_ஃபிரேம்:

பொய் இல்லை, 2016, 17-ல் எடுத்த வீடியோக்கள். அன்றைய கேம், அன்றைய டிரைவர், மூலையில் காட்டுவது சராசரி எஃப்பிஎஸ் மட்டும். மெமரி விஷயத்தில் கடைக்காரர் சொன்னது தப்பு. ஏஎஃப்ஆரில் இரண்டு கார்டிலும் அதே டெக்ஸ்சர் அப்படியே இரண்டு நகலாக உட்கார்ந்திருக்கும். 8 ஜிபி போட்டு 8 ஜிபி, மொத்தம் 8 ஜிபி. ஒரே கார்டில் இரண்டு சிப் இருந்த ஜிடிஎக்ஸ் 690 பெட்டியில் 4 ஜிபி என்று போட்டு விற்றார்கள், அதில் கேமுக்குக் கிடைத்தது 2 தான்.

மவுண்ட்ரோடு_பழசு:

தம்பிகள் பேசுவதைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. இந்த எஸ்எல்ஐ என்ற பெயரே முதலில் என்விடியாவுடையது இல்லை. 1998-ல் 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனியின் வூடூ2 கார்டில் வந்தது. ஒரு கார்டு ஒற்றைப்படை வரிகளை வரையும், இன்னொன்று இரட்டைப்படை வரிகளை. ஒரு கார்டில் 800க்கு 600 தான் உச்சம், இரண்டு போட்டால் 1024க்கு 768. அன்றைக்கு அது நிஜமாகவே இரட்டிப்பு, ஏனென்றால் பிக்சல் நிரப்புவதைத் தவிரக் கார்டுக்கு வேறு பெரிய வேலை இல்லை. பிறகு 3டிஎஃப்எக்ஸ் படுத்தது, சொத்தை என்விடியா வாங்கியது, 2004-ல் அதே மூன்று எழுத்துக்கு வேறு விரிவாக்கம் வைத்து 6800 கார்டுகளோடு மறுபடி இறக்கியது. அடுத்த வருடம் ஏடிஐ கிராஸ்ஃபயர்.

முடிந்த கதையும் சொல்லிவிடுகிறேன். 1080 வந்த 2016-லேயே மூன்று கார்டு, நாலு கார்டு ஏற்பாட்டைக் கேமுக்கு நிறுத்திவிட்டார்கள், அதிகபட்சம் இரண்டு. 20 சீரிஸில் என்விலிங்க் என்ற புது பிரிட்ஜ், அதுவும் மேல்தட்டுக் கார்டுகளுக்கு மட்டும். 30 சீரிஸில் 3090, 3090 டிஐ இரண்டுக்குத்தான் அந்தக் கனெக்டர். 4090-ல் அதுவும் இல்லை. 2021 ஜனவரி 1 முதல் புது எஸ்எல்ஐ புரொஃபைல் (ஒவ்வொரு கேமுக்கும் தனியாக எழுதும் அமைப்பு) டிரைவரில் வராது, கேமே தனக்குள் எழுதிக்கொண்டால் உண்டு என்று என்விடியா முன்கூட்டியே அறிவித்துவிட்டது. அப்படி எழுதிக்கொண்ட கேம்களை விரல்விட்டு எண்ணலாம்: ஷேடோ ஆஃப் த டூம் ரைடர், ஸ்ட்ரேஞ்ச் பிரிகேட், வல்கன் கிராபிக்ஸ் முறையில் ரெட் டெட் 2, இன்னும் சில. நீங்கள் திணறுகிற சைபர்பங்க் அந்தப் பட்டியலில் இல்லை.

இதெல்லாம் ஒரு பக்கம். சென்னையில் மே மாதம் இரண்டு கார்டு ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஏசி இல்லாத ரூமில் மதியம் 36 டிகிரி. கீழ்க் கார்டு விடுகிற அனலைத்தான் மேல் கார்டின் ஃபேன் இழுக்கும், நடுவில் விரல் போகக்கூட இடம் இருக்காது. 1080 தானாகவே 83 டிகிரி பக்கம் போனதும் கிளாக்கைக் குறைக்க ஆரம்பிக்கும். மேல் கார்டு சுணங்கினால் கீழ்க் கார்டும் அதற்காகக் காத்திருக்க வேண்டும், ஏஎஃப்ஆரில் முறை வைத்துத்தானே வரைகிறார்கள். நான் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து ஓட்டியிருக்கிறேன். ஃபிரேம் கூடியதோ இல்லையோ, தூசி கூடியது.

கரண்ட் பில்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது 1080-க்கு 180 வாட். தினம் 4 மணி நேரம், ஈபி கணக்குக்கு 60 நாள் என்றால் 43 யூனிட். சின்ன எண்தான், ஆனால் வீட்டில் ஏசி ஓடி நீங்கள் ஏற்கெனவே 480-ல் நிற்கிறவர் என்றால் அது உங்களை 500-க்கு மேல் தள்ளிவிடும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் சேர்த்து ரேட் மாறும் என்பது வீட்டில் பில் கட்டுகிறவருக்குத் தெரியும்.

பழையகேம்_பித்தன்:

எல்லோரும் சேர்ந்து ஒரேயடியாக அடிக்கிறீர்களே. என்னிடம் எக்ஸ்99 போர்டில் இரண்டு 980 டிஐ இன்னும் இருக்கிறது. 2012 முதல் 2016 வரை வந்த கேம்கள் மட்டும்தான் ஆடுகிறேன், 4கே டிவியில். புரொஃபைல் நன்றாக இருக்கிற கேமில் இன்றும் அழகாக ஓடுகிறது. ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு சேர்க்கும் வி-சிங்க் போட்டுவிட்டால் நீங்கள் சொல்கிற திக்கல் என் கண்ணுக்குத் தெரிவதில்லை. உள்ளே இரண்டு கார்டும் நடுவில் அந்தப் பிரிட்ஜும் இருக்கிற அழகு ஒற்றைக் கார்டில் வருமா சொல்லுங்கள்!

நள்ளிரவு_ஃபிரேம்:

அழகில் மறுபேச்சே இல்லை ப்ரோ. 40 லேன் பிராசஸர், அந்தக் காலத்துக் கேம், அந்தக் காலத்துக் கார்டு, எல்லாம் பொருந்தியிருக்கிறது, அதனால் ஓடுகிறது. பெரம்பூர்வாசிக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கிறது.

ரெண்டர்_ராணி:

நான் வடபழனி பக்கம் ஒரு சின்ன கிராபிக்ஸ் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன், எங்கள் மெஷின்களில் இரண்டு மூன்று கார்டு இருப்பது சகஜம். அதைப் பார்த்துவிட்டு "அங்கே ஓடுதே, கேமில் ஏன் ஓடாது" என்று கேட்பவர்கள் அதிகம், அதனால் சொல்கிறேன். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் ஒரு படத்தைத் துண்டாக்கி, அல்லது சாம்பிளைப் பிரித்து, ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிடலாம். ஒரு கார்டு செய்வதை இன்னொன்று பார்க்க வேண்டியதே இல்லை, கடைசியில் ஒன்றாகச் சேர்த்தால் போதும். பிரிட்ஜ் தேவையில்லை, ஒரே மாடலாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை, 3060-ம் 3090-ம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அதனால் அங்கே இரண்டு கார்டு என்றால் நேரம் கிட்டத்தட்ட பாதி. ஒரு ஃபிரேமுக்கு 5 நிமிடம் எடுக்கிற வேலையில் 15 மில்லி விநாடி கடத்தல் எல்லாம் ஒரு பொருட்டா? கேமில் அந்த 15 தான் உயிர்.

ஆனால் மெமரி அங்கேயும் கூடாது, முழு சீனும் ஒவ்வொரு கார்டிலும் ஏற வேண்டும். சின்ன கார்டில் சீன் பிடிக்கவில்லை என்றால் அது மக்கர் செய்யும்.

மெமரி நிஜமாகவே கூடுகிற இடம் ஏஐ மாடல் ஓட்டுவதுதான். லாமா.சிபிபி மாதிரி புரோகிராமில் மாடலின் லேயர்களைப் பாதி இங்கே பாதி அங்கே என்று வைக்கலாம். 12 ஜிபி 3060 இரண்டு போட்டு 24 ஜிபி மாதிரி பயன்படுத்துகிறார்கள். வேகம் இரட்டிப்பாகாது, ஒரு கார்டு முடித்துத்தான் அடுத்த கார்டு ஆரம்பிக்கும், ஆனால் ஒரு கார்டில் ஏறவே ஏறாத மாடல் ஏறும். எங்கள் ஆபீஸ் பையன் ஒருவன் கேம் ஆடுவதற்கென்று சொல்லி இரண்டாவது கார்டு வாங்கச் சம்மதம் வாங்கி, இப்போது அதில் இதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

கேமுக்கு என்றால் வேண்டாம். அதுவும் 1080 வேண்டவே வேண்டாம், அந்தத் தலைமுறைக்கு 2025 அக்டோபரோடு புது கேம் ரெடி டிரைவர் நின்றுவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான்.

பெரம்பூர்வாசி:

சரி, கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன். அவர் அசரவில்லை, உடனே ஒரு 4070 எடுத்துக் காட்டுகிறார், அதுவும் செகண்ட் ஹேண்ட், பில்லோடு. இப்போது என் கேள்வி மாறிவிட்டது. 4070 வாங்கினால் பழைய 1080-ஐ விற்காமல் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து, லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருளைப் போட்டு ஃபிரேம் ஜெனரேஷனை அதன் தலையில் கட்டலாமா? அப்படிச் செய்கிறவர்களைப் பார்த்தேன்.

கருப்புத்திரை:

அது ஓடும். இரண்டு கார்டு விஷயத்தில் கேமைக் கேட்காமலே ஓடுகிற ஒரே வழி இன்றைக்கு அதுதான். பெரிய கார்டு நிஜ ஃபிரேமை வரைந்து முடித்ததும் அந்தப் படம் சின்ன கார்டுக்குப் போகும், சின்னது நடுவில் இட்டு நிரப்பும் ஃபிரேம்களைச் செய்து திரைக்கு அனுப்பும். மானிட்டர் கேபிளைச் சின்ன கார்டில்தான் சொருக வேண்டும், இல்லையென்றால் படம் போய்த் திரும்பி வந்து லேனை அடைக்கும். உங்கள் நாலு லேன் ஸ்லாட்டில்கூட இது தாங்கும். முடிந்த படம் பிக்சலுக்கு 4 பைட் என்றால் 1440பி-யில் சுமார் 15 எம்பி, விநாடிக்கு 60 நிஜ ஃபிரேம் என்றால் 900 எம்பி-க்குள். 2 ஜிபி வழியில் போய்விடும்.

ஆனால் அது நடுவில் நுழைக்கிற ஃபிரேம், உங்கள் மவுஸ் அசைவுக்குப் பதில் சொல்கிற ஃபிரேம் இல்லை. 4070-லேயே சொந்தமாக ஃபிரேம் ஜெனரேஷன் இருக்கிறது, சைபர்பங்க் அதை ஆதரிக்கிறது. பிறகு எதற்கு ரூமைச் சூடாக்க இன்னொரு கார்டு? 4070 மொத்தமே 200 வாட், 12 ஜிபி, உங்கள் 1080-ஐப் போல் இரண்டு மடங்கு வேகம். நீங்கள் முதலில் கேட்ட டபுள் ஒற்றைக் கார்டிலேயே வந்துவிடுகிறது. 1080-க்கு இன்னும் யாராவது விலை கொடுக்கும்போதே தள்ளிவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 3600 பிராசஸர் 4070-க்குக் கொஞ்சம் இழுபறிதான், சைபர்பங்கில் கூட்டமான இடத்தில் கார்டு சும்மா இருக்கும், பிராசஸர் மூச்சு வாங்கும். போர்டை மாற்ற வேண்டாம், பயாஸ் அப்டேட் செய்தால் பி450-லேயே 5700எக்ஸ்3டி பிராசஸர் உட்காரும். அதை இப்போதே வாங்க வேண்டும் என்றும் இல்லை, கார்டைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மவுண்ட்ரோடு_பழசு:

செகண்ட் ஹேண்ட் 4070 என்றால் பில்லில் இருக்கிற சீரியல் நம்பரும் கார்டின் பின்னால் ஒட்டியிருக்கிற நம்பரும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். மாடியில் டெஸ்ட் பெஞ்ச் இருக்கும், ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டச் சொல்லி கால் மணி நேரம் நில்லுங்கள், வெறும் டெஸ்க்டாப் படத்தைக் காட்டிவிட்டு "ஓகே சார்" என்றால் வாங்காதீர்கள். 12 வோல்ட் கனெக்டர் பக்கம் பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை அடைப்பு, சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அந்தத் தெருவில் நிற்க இடம் கிடைக்காது.

பெரம்பூர்வாசி:

சனிக்கிழமை காலை போகிறேன் அண்ணா. 1080 யாருக்காவது வேண்டுமா, ஒன்றே ஒன்றுதான், பிரிட்ஜ் கிடையாது.